சுக்கு மல்லி காபிப் பொடி: அரைத்தால் கஞ்சி, இடித்தால் காபி

ஐப்பசியில் அடைமழை பிடித்த வாரம் இதை ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக்குத் தினமும் சாயங்காலம் ஒரு அண்ணாச்சி சைக்கிள் கேரியரில் எவர்சில்வர் கேனைக் கட்டிக்கொண்டு சுக்கு காபி கொண்டுவருவார். மழை நாளில் அந்த ஒரு தம்ளருக்காகக் குடையோடு நிற்கிறவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். மழை வலுத்ததும் அவர் பத்து நாள் போல வரவில்லை. சரி, வீட்டிலேயே போட்டுவிடலாம், சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தானே என்று இறங்கினேன். பக்குவம் கைக்கு வர மூன்று வாரமும் நான்கு தடவைப் பொடியும் ஆனது. எங்கே தவறினேன், எதை மாற்றினேன் என்பதை அளவோடு எழுதுகிறேன், இதே பொருட்களை வாங்கிவைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் எதைப் பிடிக்க நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சியின் காபி தெளிவாக இருக்கும். நிறம் கருப்பு, ஆனால் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். வாயருகே கொண்டுபோனதும் மல்லி மணக்கும், குடிக்கும்போது கருப்பட்டி, விழுங்கிய பிறகுதான் தொண்டையில் சுக்கு வந்து உட்காரும். எனக்கு அந்த வரிசைதான் வேண்டும். பாக்கெட்டில் வரும் பொடிகள் எதிலும் அது கிடைத்ததில்லை. எடுத்ததுமே காரம் அடிக்கும், கடைசி மடக்கில் நாக்கில் மாவு ஒட்டும். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிற ஊர் இது, நாட்டு மருந்துக் கடைக்குக் குறைவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை எல்லாம் ஒரே கடையில் வாங்கினேன். மல்லி மட்டும் பலசரக்குக் கடையில். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசலில் மானாவாரியாக விளைகிற மல்லி நம் பக்கத்தில் கிடைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கையில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே நசுக்கினால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினது மாதிரி ஒரு வாசம் வரவேண்டும். வைக்கோல் வாசம் மட்டும் வந்தால் அது பழைய சரக்கு, குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது.

சுக்கில்தான் முதல் தவறு. வெள்ளையாக, பார்க்கச் சுத்தமாக இருந்ததை எடுத்துவந்துவிட்டேன். அந்த வெண்மை பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு. பூச்சி பிடிக்காமல் இருக்கவும் நிறத்துக்காகவும் பூசுவார்கள். வீட்டில் வந்து உடைத்துப் பார்த்தால் இரண்டு துண்டில் குண்டூசி முனையளவு ஓட்டை, உள்ளே பொடிப்பொடியாக மாவு, ஒரு சின்னப் பழுப்பு வண்டு. சுக்கையும் மல்லியையும் இந்த வண்டு விரும்பித் தின்னும், பூச்சு இருந்தாலும் ஓட்டை போட்டுவிடும். அதனால் கடையிலேயே ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சுக்கு 'டக்'கென்று உடையும், உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்கும், நார் அதிகம் தொங்காது. வளைந்து கிழிந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை நான் போட்ட அளவு: சுக்கு 100 கிராம், மல்லி 100 கிராம், மிளகு 20 கிராம், கொஞ்சம் ஏலக்காய். சுக்கைத் துண்டு துண்டாக அப்படியே மிக்ஸி ஜாரில் போட்டு ஓடவிட்டேன். கல்லைப் போட்ட மாதிரி சத்தம். நாலாவது சுற்றில் மோட்டார் மட்டும் ஓடுகிறது, பிளேடு நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளரின் பல் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. கப்ளர் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ரிப்பேர் கடையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அது உடைந்ததால்தான் பிளேடும் மோட்டாரும் தப்பின என்று கடைக்காரர் சொன்னார். சுக்கு, சித்தரத்தை, விரலி மஞ்சள் மூன்றையும் இடிக்காமல் மிக்ஸியில் போடக் கூடாது. இது எனக்கு இப்போது எழுதாத விதி.

மறுநாள் சுக்கை இரும்பு உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் நைசாக, டால்கம் பவுடர் மாதிரி அரைத்தேன். நைசாக இருந்தால் சாறு நன்றாக இறங்கும் என்பது என் நினைப்பு. 4 தம்ளர் தண்ணீருக்கு 4 ஸ்பூன் போட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். இறக்கும்போதே கரண்டி கனத்தது. வடிகட்டியில் ஊற்றினால் இறங்கவில்லை, ஸ்பூனால் தேய்த்துத் தேய்த்து இறக்கவேண்டியிருந்தது. குடித்தால் காரம் நெற்றிவரை ஏறியது, மல்லி இருக்கிற சுவடே இல்லை, தம்ளரின் அடியில் ஒரு விரற்கடை சேறு.

இரண்டாம் தடவை மல்லியை 150 கிராமாகக் கூட்டினேன். வறுத்தால் மணம் கூடும் என்று மல்லியைக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்தேன். அதுவும் தப்பு. மல்லியின் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்கிற எண்ணெய்ப் பொருள், அது எளிதில் ஆவியோடு போய்விடும். வறுக்கும்போது வீடு முழுக்க மணந்தது, மணந்ததெல்லாம் சட்டியிலிருந்து போனதுதான். மிச்சம் கசப்பு. கருப்பட்டியைக் கூட்டிப் பார்த்தும் அந்தக் கசப்பு அடங்கவில்லை. கெட்டித்தன்மையும் அப்படியே இருந்தது. அந்தப் பொடியை வீணாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ரசத்தில் போட்டுத் தீர்த்தோம்.

அதற்குள் மழை விட்டு அண்ணாச்சி வந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பொடிய எங்க அரைக்கீங்க?"

"அரைக்கது யாரு தம்பி? இடிக்கதுதான். அரைச்சா கஞ்சியால்லா ஆயிரும்."

"மல்லி எவ்வளவு போடுவீங்க?"

"சுக்கு ஒரு பங்குன்னா மல்லி மூணு பங்கு. பேருதான் சுக்கு காபி, குடிக்கது மல்லியத்தான்."

இந்த இரண்டு பதிலிலும் என் இரண்டு கோளாறும் அடங்கிவிட்டன. ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, மல்லி 3 பங்கு, சுக்கு 1 பங்கு என்று ஒரே கலவையை எடுத்து, பாதியை நைசாக அரைத்தேன், பாதியை உரலில் ரவை பதத்துக்கு இடித்தேன். இரண்டு சின்னப் பாத்திரத்தில் தலா 150 மில்லி தண்ணீர், தலா 3 கிராம் பொடி, ஒரே தீயில் 5 நிமிடம். நைசாக அரைத்தது பழுப்பாகக் கலங்கி, ஆறின பிறகும் தெளியவே இல்லை, மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படிந்தது. இடித்தது இரண்டு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிட்டது, மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர். மணத்திலும் இடித்ததுதான் மேல். காரம் மட்டும் நைசில் கொஞ்சம் கூடுதல்.

இதன் காரணம் யோசித்தால் எளிமையானது. சுக்கு காய்ந்த கிழங்கு. அதன் எடையில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. நைசாக அரைக்கும்போது அந்த மாவு முழுக்க வெளியே வந்துவிடுகிறது, கொதிநீர் பட்டதும் ஊறி உப்பிக் கூழாகிறது. நாம் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சுகிறபோது நடப்பதேதான். ரவையாக இடித்தால் மாவில் பெரும்பகுதி துண்டுக்குள்ளேயே நின்றுவிடும், மணமும் காரமும் மட்டும் இறங்கும். பாக்கெட் பொடியில் நாக்கில் ஒட்டியது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. சுக்கின் அளவைக் குறைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது, காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், அது ஜிஞ்சராலைவிடக் காரமானது. இஞ்சி டீ போடுகிற கைப்பழக்கத்தில் சுக்கை அள்ளிப் போட்டால் தாங்காது.

மூன்றாம் தடவை இந்த முறைப்படி இடித்தேன், காபி கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் பொடியை வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாட்டிலில் போட்டு மூடிவிட்டேன். மூடியின் உட்பக்கம் வேர்த்து, வெளியிலும் மழை ஈரம், ஆறாம் நாள் பார்த்தால் பொடி கட்டி தட்டிப்போய், ஒரு மூலையில் பூஞ்சை வாசம். யோசிக்காமல் கொட்டிவிட்டேன். பூசணம் பிடித்த மசாலாவைத் திரும்ப வெயிலில் வைத்தோ வறுத்தோ காப்பாற்றப் பார்க்காதீர்கள், பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு அதனால் போகாது.

நான்காவது தடவை செய்ததை முழுதாகச் சொல்கிறேன். மல்லி 225 கிராம், சுக்கு 75 கிராம், மிளகு 20 கிராம், திப்பிலி 10 கிராம், ஏலக்காய் தோலோடு 8 கிராம், சித்தரத்தை ஒரு சின்னத் துண்டு, சுமார் 5 கிராம். சித்தரத்தை இல்லாவிட்டாலும் குறை தெரியாது, சளி இருமல் காலம் என்பதால் சேர்த்தேன்.

'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று சொல்வார்கள். கடுக்காயில் கொட்டையை நீக்க வேண்டும், சுக்கில் தோலை நீக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சும் மண்ணும் ஒட்டியிருப்பது அந்தத் தோலில்தான், அதனால் இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். வெயில் காலமாக இருந்தால் கழுவிக் காயவைத்துச் சீவலாம். ஐப்பசியில் கழுவினால் காய வழியில்லை, அதனால் மழுங்கின கத்தியால் உலர்வாகவே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு இரவு அடுப்புக்குப் பக்கத்தில் பரப்பிவைத்தேன். சந்து பொந்துகளில் கொஞ்சம் தோல் நிற்கும், பரவாயில்லை.

அப்புறம் அடிகனமான இரும்புச் சட்டியில், மிகச் சின்னத் தீயில், சுக்கை மட்டும் ஐந்தாறு நிமிடம் புரட்டினேன். நிறம் மாறக் கூடாது, கைபொறுக்காத சூடு வந்தால் போதும். அப்படியே முழுக்க ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது இடித்தால் நசுங்குகிறது, ஆறின பிறகு இடித்தால் உடைகிறது. மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதே சட்டியில் மல்லியை இரண்டு மூன்று நிமிடம், முதல் வாசம் மூக்கில் பட்டதும் தட்டில் கொட்டிவிட வேண்டும். மிளகும் திப்பிலியும் சட்டியின் மிச்சச் சூட்டிலேயே புரண்டால் போதும். ஏலக்காயைச் சூடே காட்டவில்லை.

இடிக்கும்போது முதலில் சுக்கு, சித்தரத்தை. துண்டுகள் துள்ளி ஓடும், உரல்வாயில் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கும் நல்லது. உரல் இல்லாதவர்கள் கெட்டித் துணியில் முடிந்து அம்மிக்குழவியாலோ சுத்தியலாலோ பட்டாணி அளவுக்குத் தட்டிவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஐந்தாறு தடவை மட்டும் திருப்பலாம். மல்லி இரண்டாய் மூன்றாய் உடைந்தால் போதும், மிளகும் அப்படித்தான். எல்லாவற்றையும் கலந்து மாவுச் சல்லடையில் ஒருதரம் சலித்தேன். இங்கே நாம் செய்வது வழக்கத்துக்குத் தலைகீழ்: சல்லடையில் நிற்பதுதான் காபிக்கு, கீழே இறங்கும் மெல்லிய தூசு வேண்டாம். எனக்கு 343 கிராமில் 40 கிராம் போலக் கீழே இறங்கியது. அதைத் தனி டப்பாவில் வைத்து ரசத்துக்கும் மோருக்கும் போடுகிறோம். சுக்கை மட்டும் இடித்து முடித்ததுமே சலித்துக்கொண்டால் அந்தத் தூசு தலைவலிக்குப் பத்துப் போடவும் ஆகும்.

கருப்பட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடன்குடி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு நல்ல கருப்பட்டி கிடைக்கிறது, ஆனால் சீனிப்பாகு கலந்ததும் அதே சிரட்டை வடிவத்தில் அதே நிறத்தில் வருகிறது. உடைத்த இடம் மங்கலாக இருக்கவேண்டும், சீனி மின்னுகிற மாதிரி பளபளத்தால் சந்தேகப்படலாம் என்பார்கள். நான் நம்புவது வாயில் போட்டுப் பார்ப்பதை: நல்ல கருப்பட்டி இனிப்புக்குப் பின்னால் லேசாக உப்பும் புகையுமாக ஒரு ருசி விடும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பும் மண்ணும் ஓலைத்துணுக்கும் இருப்பது இயல்பு. எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் நேரே காபியில் போடாதீர்கள். தட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பத்து நிமிடம் தெளியவிட்டு, அடியில் நிற்கும் கடைசிச் சொட்டை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். முதல் தடவை என் தம்ளரில் நின்ற சேற்றில் கொஞ்சம் இதுவும்தான்.

போடும் முறை. 4 தம்ளருக்கு 600 மில்லி தண்ணீர், 60 முதல் 70 கிராம் கருப்பட்டியின் தெளிவு. இரண்டும் சேர்ந்து கொதி வந்ததும் பொடி 4 ஸ்பூன், சுமார் 12 கிராம். உடனே தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மல்லி மணம் ஆவியில் போய், காரம் மட்டும் மிஞ்சும். அடுப்பை அணைத்து மூடியைத் திறக்காமல் 3 நிமிடம் விட்டால் திப்பி எல்லாம் அடியில் உட்காரும், மேலாக ஊற்றி வடிகட்டினால் சாதாரண டீ வடிகட்டியே போதும். துளசி இருந்தால் நாலு இலையை அடுப்பை அணைத்த பிறகு போடலாம்.

பால் ஊற்றலாமா என்று வீட்டில் கேட்டார்கள். கொதிக்கும்போது ஊற்றிப் பார்த்தேன், திரிந்துவிட்டது. பால் வேண்டும் என்றால் தனியாகக் காய்ச்சி, தம்ளரில் கடைசியாகக் கலந்துகொள்ளலாம். எனக்கு அது வேண்டியதில்லை, பால் சேர்ந்ததும் மல்லி மறைந்துவிடுகிறது.

அதிமதுரம் சேர்ப்பவர்கள் உண்டு. இனிப்பும் தொண்டைக்கு இதமும் தரும், ஆனால் தினமும் கூடுதலாகச் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். எங்கள் வீட்டில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பதால் நான் தொடவே இல்லை. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் இருக்கிறவர்கள் வெறும் வயிற்றில் இதைக் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தினப்படிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி நல்லது என்று தாராளமாகச் சொல்கிறார்கள், அதை நம்பி ஊற்றிக்கொள்ளாதீர்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்காக இனிப்பில்லாமல் போட்டுப் பார்த்தேன், சுக்கைப் பாதியாகக் குறைத்தால் நன்றாகவே இருக்கிறது.

பொடியை இந்தத் தடவை தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டில் பிரித்துப் போட்டேன். ஒன்று அடுக்களையில், ஒன்று அலமாரியில். ஈர ஸ்பூன் கூடாது, கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பாட்டிலை நீட்டித் தட்டவும் கூடாது, அந்த ஆவி போதும் கட்டி தட்ட. கார்த்திகை பாதி தாண்டியும் இப்போதுவரை பொலபொலவென்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டுபோய் அண்ணாச்சியிடம் ஒரு தம்ளர் கொடுத்தேன். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு மோந்தார், அப்புறம் மெதுவாக முழுவதையும் குடித்தார். "தெளிவு வந்துட்டு தம்பி, மல்லியும் வந்துட்டு. திப்பிலியக் கொறைங்க. தொண்டையில ரெண்டு காரம் நிக்கி, சுக்கு மட்டும்லா நிக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து நானும் அதை மனதில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்ன இரண்டாவது காரம் நாக்கின் பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அதுவரை நான் அதைச் சுக்கு என்றே நினைத்திருந்தேன்.

நேற்று வெயில் அடித்ததால் புதிதாக ஒரு ஈடு இடித்தேன், திப்பிலி 5 கிராம். இடித்த பொடியை இரண்டு நாள் மூடி வைத்தால் மணம் ஒன்றோடொன்று சேரும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார், அதனால் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.